இடுப்பெலும்பு மாடல்: நடன வகுப்புக்கு வாங்கலாமா?

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் நான் வாங்கிய வகையை வேண்டாம். தொடை எலும்பு முட்டி வரைக்கும் முழுசாக வருகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய் ஆர்டர் போடலாம், ஏன் என்று தெரிய வேண்டியவர்கள் மட்டும் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அம்மாக்கள் அதிகம் கேட்பது இதுதான்: "டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளை அரைமண்டியில அழகா உட்காருது, எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" அரைமண்டி என்றால் இரண்டு காலையும் வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடுகிற நிலை. பிள்ளை சோம்பேறி என்று நினைக்கிறார்கள், சிலர் என் வாத்தியார்த்தனத்தைச் சந்தேகப்படுகிறார்கள். எலும்பு ஆளுக்கு ஆள் வேறு என்று வாயால் எத்தனை தடவை சொன்னாலும் சமாளிக்கிறேன் என்றுதான் பார்க்கிறார்கள். என் தங்கை பிசியோதெரப்பிஸ்ட். அவள்தான், "படம் காட்டினா யாருக்கும் புரியாதுக்கா, கையில குடுத்துப் பாரு" என்றாள். அப்படித்தான் இணையத்தில் தேடி ஆர்டர் போட்டேன். கடை பெயரைக் கேட்காதீர்கள், ஒரே அச்சில் வார்த்த மாடலைத்தான் பல கடைகள் வேறு வேறு பெயரில் விற்கிற மாதிரி தெரிகிறது.

வந்தது இது: ஆளளவு இடுப்பு, பிவிசி பிளாஸ்டிக், வலமும் இடமும் இரண்டு இடுப்பெலும்புகள், பின்னால் நடுவில் திருவெலும்பு, அதன் நுனியில் வால் எலும்பு, மேலே இரண்டு முதுகெலும்புக் கட்டைகள், நடுவே சிவப்பாகப் பிதுங்கி நிற்கிற ஒரு தட்டு, கீழே கையளவு நீளத்தில் இரண்டு தொடை எலும்புத் துண்டுகள், ஒரு ஸ்டாண்ட். 180 மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே, அனுப்பும் செலவு தனி. பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடை வாசனை தூக்கியடித்தது, சன்னலோரம் வைத்துத்தான் போனது. ஓரங்களில் வார்ப்புத் தையல் துருத்திக்கொண்டிருந்தது, சின்னப் பிள்ளைகள் தொடுவதால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்.

முதலில் இது நன்றாகச் செய்கிற வேலையைச் சொல்கிறேன். இடுப்பு என்று நாம் கை வைத்துக் காட்டுகிற இடத்துக்கும் இடுப்பு மூட்டு உண்மையில் இருக்கிற இடத்துக்கும் உள்ள தூரம் பிள்ளைகளுக்கு இப்போதுதான் தெரிகிறது. "இடுப்பிலிருந்து காலைத் திருப்பு" என்றால் பாதிப்பேர் பாவாடை கட்டுகிற இடத்தைத் திருப்பப் பார்ப்பார்கள். அது இலியத்தின், அதாவது இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதியின், மேல் விளிம்பு, அங்கே மூட்டே கிடையாது. மூட்டு அதற்கு ரொம்பக் கீழே, தொடை மடிகிற கோட்டின் நடுவில், ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாடலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் உடம்பில் தடவிப் பார்க்கச் சொன்னால் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைக்கிறது. முன்னால் இரண்டு பக்கமும் முட்டுகிற எலும்பு முனைகள், நடுவே கீழே இரண்டு பக்கத்து பியூபிஸ் எலும்பும் முன்னால் சேருமிடம், உள்ளங்கையை அடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தால் குத்துகிற இரண்டு இஸ்கிய முண்டுகள், பக்கவாட்டில் தொடை எலும்பின் பெரிய முண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று தன் தொடையின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு காலை உள்ளேயும் வெளியேயும் உருட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உள்ள ஏதோ நகருது!" என்று கத்தியது. அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகப் போனது.

சரி, குறைகளுக்கு வருவோம். ஸ்டாண்டில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடைக்காரரின் படத்தில் அழகாக இருப்பதே அதுதான். இடுப்பைத் தரைக்கு நேராக, வாய் மேலே பார்க்கிற கிண்ணமாக நிற்க வைக்கிறது. நிற்கிற மனிதனின் இடுப்பு அப்படி இருக்காது. முன் முனைகள் இரண்டும் பியூபிஸ் சேருமிடமும் ஏறக்குறைய ஒரே செங்குத்துத் தளத்தில் வரும், அப்போது அந்தக் கிண்ணத்தின் வாய் கிடைமட்டத்துக்கு 55 முதல் 60 டிகிரி சாய்ந்து முன்னால் பார்க்கும். ஸ்டாண்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு மாடலைச் சுவரோடு ஒட்டுங்கள், முன் முனைகளும் பியூபிஸும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அதுதான் சரியான நிலை. நாம் வகுப்பில் "பின்பக்கத்தைத் தள்ளாதே" என்று கத்துவது எதைப் பற்றி என்று இதைக் காட்டினால் உடனே புரிகிறது. சுவரிலிருந்து பியூபிஸ் விலகி முன் முனைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் தள்ளிய பின்பக்கம்.

அந்தத் தள்ளலைப் பிள்ளைகள் சும்மா செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டுக்கு முன்னால் தலைகீழ் ஒய் வடிவத்தில் ஒரு தசைநார்ப் பட்டை இருக்கிறது, இலியத்திலிருந்து தொடை எலும்புக்கு ஓடுகிறது, உடம்பிலேயே ஆகப் பலமான பட்டை என்று சொல்வார்கள். பிகிலோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயரும் அதற்கு உண்டு. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அது இறுகி இடுப்பு பின்னால் மடங்காமல் பிடித்துக்கொள்கிறது, கியூவில் நெடுநேரம் அதிகம் தசையைச் செலவழிக்காமல் நிற்க முடிவது இதனால்தான். இறுகியிருக்கும்போது கால் வெளிப்பக்கம் திரும்புவதையும் அது தடுக்கும். இடுப்பை முன்னால் சாய்த்தால், அதாவது பின்பக்கத்தைத் தள்ளினால், பட்டை தளரும், கால் இன்னும் கொஞ்சம் திரும்பும், பாதம் அழகாகப் பக்கவாட்டில் பார்க்கும், கண்ணாடியில் பார்க்கிற பிள்ளைக்குச் சந்தோஷம், அந்தச் சந்தோஷத்துக்குக் கீழ்முதுகு விலை கொடுக்கும். இவ்வளவும் நடக்கிற அந்தப் பட்டை மாடலில் இல்லவே இல்லை. தசைநார் ஒன்றுகூட இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலையை இடுப்பெலும்பின் குழியோடு ஒரு சுருள்கம்பி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பழைய எலாஸ்டிக் நாடாவை ஒய் மாதிரி வெட்டி, சூடான பசையால் ஒட்டிக்கொண்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. மாடலைப் பின்னால் மடக்கினால் நாடா விறைக்கிறது, முன்னால் மடக்கினால் தொங்குகிறது, பிள்ளைகள் விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள்.

குழியைப் பற்றியும் ஒன்று. என் மாடலில் அது குழிப்பணியாரச் சட்டியின் குழி மாதிரி சுற்றிலும் ஒரே வழவழப்பு. நிஜத்தில் எடை தாங்குகிற குருத்தெலும்புப் பரப்பு லாட வடிவம், கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, நடுவில் எடை தாங்காத பள்ளம், விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்கிற நார்க்குருத்தெலும்பு வளையம், அது குழியை இன்னும் ஆழமாக்கித் தலையை இறுக்கிப் பிடிக்கும். மருத்துவ மாணவர்கள் இதை நம்பிப் படித்துவிடாதீர்கள். நடனக்காரர்களுக்கு இது பெரிய குறையில்லை.

பெரிய குறை தொடை எலும்பை வெட்டியதுதான், இதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

தொடை எலும்பின் தலை நேராக மேலே போய்க் குழியில் உட்காருவதில்லை. தண்டிலிருந்து ஒரு கழுத்து பக்கவாட்டில் கிளம்புகிறது, பெரியவர்களுக்கு அந்தக் கோணம் 125 டிகிரியை ஒட்டி. இது மாடலில் தெரிகிறது, சரியாகவே இருக்கிறது. ஆனால் கழுத்துக்கு இன்னொரு திருகல் உண்டு, முன்பக்கமாக. முழுத் தொடை எலும்பை மேசையில் மல்லாக்க வைத்தால், முட்டிப் பக்கத்து இரண்டு குமிழ்களும் மேசையைத் தொட்டுப் படுத்திருக்கும், கழுத்து மட்டும் மேசையை விட்டு மேலே தூக்கி நிற்கும். பிறந்த குழந்தைக்கு அந்தத் தூக்கல் 40 டிகிரியை ஒட்டி இருக்கும், வளர வளரக் குறைந்து பெரியவர்களுக்குச் சுமார் 15 டிகிரியில் நிற்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை. திருகல் அதிகமாகத் தங்கிவிட்ட பிள்ளைக்குக் கால் உள்பக்கம் தாராளமாகத் திரும்பும், வெளிப்பக்கம் சீக்கிரம் நின்றுவிடும். தொலைக்காட்சி முன்னால் முட்டியை மடக்கி இரண்டு பாதத்தையும் பின்னால் பரப்பி உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் அவர்கள்தான். திருகல் குறைவாக அமைந்த பிள்ளை முதல் வகுப்பிலேயே அரைமண்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் அதைத் திறமை என்று பாராட்டிக்கொண்டிருப்போம்.

அம்மாக்களுக்கு நான் காட்ட நினைத்தது சரியாக இந்த ஒன்றைத்தான். முட்டிக் குமிழ்கள் இல்லாத துண்டு எலும்பில் இதைக் காட்ட வழியே இல்லை! எதை வைத்து அளப்பது, எது தரை? துண்டை எப்படித் திருப்பினாலும் அது பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும். கடைசியில் ஒரு முழுத் தொடை எலும்பைத் தனியாக வாங்கினேன், அது இன்னும் 70 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் முழுக்காலோடு வருகிற நல்ல மாடலின் விலையை நெருங்கிவிட்டது.

தனி எலும்பு வந்த பிறகுதான் வகுப்பே மாறியது. எலும்பை மேசையில் வைத்து, கழுத்துக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டியை நேர்க்கோணத்தில் மடக்கி, ஒரு கையால் பக்கவாட்டு முண்டைத் தொட்டுக்கொண்டே மறு கையால் கீழ்க்காலை மெதுவாகச் சாய்த்தாள். முண்டு நன்றாக வெளியே துருத்துகிற இடத்தில் நிறுத்தி, கீழ்க்கால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். அந்தச் சாய்வுதான் திருகலின் அளவு, தோராயமாக. ஒரே வயது, ஒரே உயரம், பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டு பிள்ளைகளுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அம்மாக்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். "அப்ப இவளை அமுக்கி உட்கார வைக்கக் கூடாதாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "அமுக்கினா இடுப்பு திரும்பாதுக்கா, முட்டிதான் திரும்பும்" என்றாள் தங்கை.

அது நிஜம். இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் சுமார் 45 டிகிரி திரும்பும் சாதாரண ஆளுக்கு. பாதம் முழுப் பக்கவாட்டில் பார்க்க 90 வேண்டும். பாக்கி எங்கேயிருந்து வரும்? முட்டி மடங்கியிருக்கும்போது கீழ்க்கால் அதன்மேல் கொஞ்சம் சுழலும், அதையும் தாண்டி இழுத்தால் பாதத்தின் உள்வளைவு சரிந்து தரையில் படியும். வகுப்பில் இதைக் கண்டுபிடிப்பது எளிது, முட்டிச் சில்லு ஒரு திசையும் கால் கட்டைவிரல் இன்னொரு திசையும் காட்டினால் பிள்ளை கடன் வாங்குகிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் நான் பாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முட்டிச் சில்லைத்தான் பார்க்கிறேன், பாதம் எவ்வளவு திரும்புகிறதோ திரும்பட்டும். தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டே தோளைப் பிடித்து அமுக்குகிற பழைய பாணியை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். அவர்களுக்கு யாராவது இந்த எலும்பைப் பரிசாக அனுப்பினால் நல்லது.

எடை தாங்குகிற கணக்குக்கும் மாடல் உதவுகிறது, கொஞ்சம் கைவேலை செய்தால். தட்டடவில் ஒரு காலைத் தூக்கித் தட்டும்போது மொத்தமும் மறு காலில் நிற்கிறது. உடம்பின் நடுக்கோடு மூட்டுக்கு உள்பக்கம் இருப்பதால் இடுப்பு தூக்கிய கால் பக்கம் சரியப் பார்க்கும். அதைச் சரியாமல் பிடிப்பது பக்கவாட்டில் இலியத்துக்கும் தொடை எலும்பு முண்டுக்கும் நடுவில் ஓடுகிற புட்டத் தசை. நான் சலங்கைக் கயிறு ஒன்றை அந்த இரண்டு இடத்திலும் கட்டி, மறுபக்கம் ஒரு தண்ணீர் போத்தலைத் தொங்கவிட்டு, கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். போத்தலைவிட ரொம்பப் பலமாக இழுக்க வேண்டியிருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரியும். மூட்டிலிருந்து எடையின் தூரம் தசையின் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு இருப்பதால் தசை அந்த எடைக்கு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். எடையும் இழுப்பும் இரண்டும் சேர்ந்து மூட்டின் தலையில்தான் இறங்கும். ஒற்றைக் காலில் சும்மா நின்றாலே மூட்டுக்கு உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. 50 கிலோ பெண்ணுக்கு 125 கிலோவுக்கு மேல், தட்டுகிற வேகத்தைச் சேர்க்காமலே.

இது வெறும் தாளில் போட்ட கணக்கல்ல. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவியை வைத்து, நோயாளிகள் நடக்கும்போதும் படியேறும்போதும் அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். சாதாரண நடைக்கே உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கை நெருங்கியது, படியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பத்துமலையில் 272 படி, தோளில் காவடி வேறு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புட்டத் தசை பலவீனமானால் ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே சரியும், 1895-இல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைத்தான் எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் சோதனை. கயிறும் போத்தலும் வைத்து இன்னொன்றும் காட்டலாம், ஊன்றுகோலை வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என்று. போத்தலுக்கு அடியில் விரலை வைத்து லேசாகத் தாங்கினாலே கயிற்றின் இழுப்பு சட்டென்று குறைகிறது. பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி இதைப் பார்த்துவிட்டு அங்கேயே கோலைக் கை மாற்றிக்கொண்டார்.

பின்னால் திருவெலும்பும் இலியமும் சேருகிற மூட்டை போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள், அசையாது. குறை சொல்லலாம் என்று நினைத்தேன், தங்கை விடவில்லை. நிஜத்திலும் அது சில டிகிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் அசையுமாம், உடம்பின் எடையைக் காலுக்கு இறக்குகிற ஆப்பு அது. மசாஜ் போடுகிறவர்கள் "இடுப்பெலும்பு விலகிப்போச்சு, தள்ளி வெச்சுட்டேன்" என்று சொல்லும்போது இந்த போல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தடவினால் வலி குறையலாம், அது வேறு கதை. முன்னால் பியூபிஸ் நடுவில் மெத்தென்ற ரப்பர் வைத்திருக்கிறார்கள், அது நல்ல வேலை, அங்கே இருப்பது நார்க்குருத்தெலும்புதான், பிரசவக் காலத்தில் இன்னும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

ஆணா பெண்ணா என்று விற்பனைப் பக்கத்தில் போடவில்லை. பியூபிஸுக்குக் கீழே வளைவைப் பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்த அளவுக்கு அகலமாக இருந்தால் பெண், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்த அளவுக்குக் குறுகலாக இருந்தால் ஆண். எனக்கு வந்தது ஆண். வகுப்பில் இருப்பது முக்கால்வாசி பெண் பிள்ளைகள். பெண் இடுப்பு அகலம், திருவெலும்பும் அகலம் என்று ஒவ்வொரு தடவையும் வாயால் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குமுன் கடைக்காரரிடம் அந்த வளைவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது பெரியவர் எலும்பு. இடுப்பெலும்பின் பகுதிகளான இலியம், இஸ்கியம், பியூபிஸ் மூன்றும் குழிக்குள்ளே சந்திக்கிற இடத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒய் வடிவக் குருத்தெலும்பு இருக்கும், பதின்மூன்று பதினாறு வயதுவாக்கில்தான் மூடும். தொடை எலும்புத் தலைக்கு அடியிலும் ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. நான் இரண்டையும் மார்க்கர் பேனாவால் வரைந்துவிட்டேன், காரணத்தோடுதான். பத்து வயதிலிருந்து பதினாறுக்குள் சில பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் தலை வழுக்கிப் போவதுண்டு, கோளாறு இடுப்பில், ஆனால் பிள்ளை முட்டி வலி என்றோ தொடை வலி என்றோதான் சொல்லும். நொண்டிக்கொண்டே முட்டி வலி என்று சொல்கிற பிள்ளைக்குத் தைலம் தேய்த்து ஆட விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய் இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

தசையெல்லாம் வண்ணத்தில் ஒட்டிவருகிற விலையுயர்ந்த மாடலும் இருக்கிறது. தசை மூடிக்கொள்வதால் மூட்டே தெரியாது, நமக்கு வேண்டாம். சின்ன அளவு மாடல் மேசை அலங்காரத்துக்குத்தான் ஆகும், பிள்ளை தன் உடம்போடு ஒப்பிட முடியாது. வந்ததும் சுருள்கம்பியின் திருகாணிகளை ஒரு தடவை முறுக்கிவிடுங்கள், என்னுடையதில் இடதுபக்கம் வகுப்பு நடுவிலேயே கழன்று தொடை எலும்பு தரையில் உருண்டது. கடைக்காரர் மாற்றுத் திருகாணி அனுப்புகிறேன் என்றார், இன்னும் வரவில்லை, ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், தனி எலும்புக்கு மட்டும் ஐந்து.